கொல்லையில் குடமிளகாய்: விதை யார் கையில்?

குடமிளகாய்க்கும் திருத்துறைப்பூண்டிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு தலைமுறைக்கு முன்பு கேட்டிருந்தால், "ஒரு சம்பந்தமும் இல்லை" என்றுதான் பதில் வந்திருக்கும்.

காவிரிப் பாசனத்தின் கடைமடை ஊர் இது. வயலில் நெல், உளுந்து, பயறு. கொல்லையில் கத்தரி, வெண்டை, அவரை, புடலை. குளிர்ந்த மேட்டுப் பூமியில் விளையும் குடமிளகாய்க்கு இங்கே இடம் ஏது?

இன்று காய்கறிக் கடைகளில் அது சாதாரணமாகக் கிடைக்கிறது. ஓசூர்ப் பக்கத்திலிருந்தும், கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வந்து இறங்குகிறது. கல்யாணப் பந்தியில் அது உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளையின் டிபன் டப்பாவிலும் உண்டு.

காயை நறுக்கும்போது நடுவில் கொத்தாக விதை இருக்கிறது. தாய்மார்களுக்கு அதைக் குப்பையில் போட மனம் வருவதில்லை. சுரண்டி எடுத்து, கொல்லையிலோ மாடியில் உள்ள தொட்டியிலோ தூவுகிறார்கள்.

சில சமயம் முளைக்கிறது. பல சமயம் முளைப்பதில்லை. முளைத்த செடியில் வரும் காயோ, கடையில் வாங்கிய காய் மாதிரி இருப்பதில்லை. ஒன்று சிறுத்துப் போகிறது. ஒன்று நீண்டு போகிறது. ஒன்று காரமாகவே வந்து விடுகிறது!

மண் சரியில்லை, கை ராசி இல்லை என்று பெண்கள் தங்களையே நொந்து கொள்கிறார்கள். குற்றம் மண்ணிலும் இல்லை. கையிலும் இல்லை. விதையில் இருக்கிறது.

பச்சையும் சிவப்பும்

முதலில் ஒரு சின்ன விஷயம். பச்சைக் குடமிளகாய் என்று தனியாக ஒரு ஜாதி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கடையில் நாம் வாங்கும் பச்சைக் காய், பெரும்பாலும் பழுக்காத காய். அதையே செடியில் இன்னும் மூன்று நான்கு வாரம் விட்டு வைத்தால், ரகத்துக்குத் தக்கபடி சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறும்.

அத்தனை நாள் செடியில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பூச்சி, வெயில், அழுகல் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். சிவப்புக் காயின் விலை அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். சத்தும் அதில்தான் கூடுதல். சிவந்த குடமிளகாயில், எடைக்கு எடை, ஆரஞ்சுப் பழத்தைவிட அதிகமாக வைட்டமின் 'சி' இருக்கிறது.

பழுக்காத காயின் விதையும் முற்றாத விதைதான். பச்சைக் காயின் விதையைத் தூவி விட்டு, முளைக்கவில்லையே என்று வருந்துவதில் பயன் இல்லை.

அப்படியானால் சிவந்த காயின் விதை?

அது முளைக்கும். ஆனால் தாயைப் போல் பிள்ளை வராது. அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

1973-ல் வந்த புது மாப்பிள்ளை

கடைக்கு வரும் குடமிளகாயில் பெரும் பகுதி 'வீரிய ஒட்டு' ரகம். இரண்டு வேறு ரகச் செடிகளை எடுத்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் சேர்த்து உண்டாக்குகிறார்கள். அந்த முதல் தலைமுறைச் செடி நன்றாக வளரும். காய் பெருத்து, ஒரே அளவாக இருக்கும்.

இந்தியாவில் காய்கறிகளில் இந்த வியாபாரம் தொடங்கியதே தக்காளியிலும் குடமிளகாயிலும்தான். பெங்களூரில் உள்ள 'இந்தோ அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ்' என்ற கம்பெனி, 1973-ல் 'கர்நாடகா' என்ற தக்காளியையும், 'பாரத்' என்ற குடமிளகாயையும் வெளியிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குள் தக்காளி, வெண்டை, பாகல் என்று கொல்லைக் காய்களில் பலவற்றின் விதையும் பொட்டலத்துக்குள் போய் விட்டது.

இந்த விதையை எப்படித் தயாரிக்கிறார்கள் தெரியுமா? கர்நாடகத்தில் ராணிபென்னூர் வட்டாரம் இதற்குப் பேர் போனது. பெண்கள் குனிந்து நின்று, மலராத மொட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து, சிறு இடுக்கியால் ஆண் பகுதியைக் கிள்ளி எடுக்கிறார்கள். பிறகு வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டு வந்து தடவுகிறார்கள். இவ்வளவு கை வேலை இருப்பதால்தான் விதையின் விலை அதிகம்.

இந்த ரகத்தின் விதையை எடுத்து மறு வருஷம் போட்டால் என்ன ஆகும்? தாத்தாவின் மூக்கும் பாட்டியின் நிறமும் பேரப் பிள்ளைகளிடம் மாறி மாறி வருவது போல, ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி வரும். விவசாயி திரும்பவும் கடைக்குத்தான் போக வேண்டும்.

இதைச் சூழ்ச்சி என்று சிலர் சொல்லுகிறார்கள். அப்படி ஒரே வார்த்தையில் தள்ளி விட முடியாது. சந்தைக்குக் காய் அனுப்பிப் பிழைக்கும் விவசாயிக்கு, ஒரே அளவான காயும் கூடுதல் விளைச்சலும் வேண்டும். அவர் விதைக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. வீட்டுக்கு நான்கு காய் போதும் என்கிற குடும்பம் ஏன் வருஷா வருஷம் பொட்டலத்தை நம்பி நிற்க வேண்டும் என்பதே கேள்வி.

இரண்டு கிலோவுக்கு நான்கு கிலோ

திருத்துறைப்பூண்டிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிது அல்ல. நெல்லில் இதே கேள்வி இந்த ஊரில்தான் பெரிதாக எழுந்தது.

இவ்வூருக்கு அருகே ஆதிரங்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 2006 முதல் நெல் திருவிழா நடந்து வந்தது. நடத்தியவர், கட்டிமேட்டைச் சேர்ந்த 'நெல்' ஜெயராமன். இயற்கை விவசாய அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் வந்தவர். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் என்று மறைந்து கொண்டிருந்த நெல் ரகங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். அப்படிச் சேர்ந்தவை ஏறக்குறைய 170 ரகம்.

அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. விழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும்!

வட்டிக் கடை மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் இந்த வட்டி இன்னொரு விவசாயிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு ரகம் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு வெள்ளத்தில் அழிந்து போகும். நூறு வீட்டில் இருந்தால் அழியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கடற்கரையைத் தாக்கியபோது, குதிரும் கூரையும் சேர்ந்து போன வீடுகள் எத்தனையோ.

அந்தப் புயல் அடித்த சில நாட்களில், 2018 டிசம்பர் 6 அன்று, ஜெயராமன் புற்று நோயால் காலமானார். 2021-ல் தமிழக சர்க்கார், மரபு நெல் ரகங்களைக் காப்பாற்றும் இயக்கத்துக்கு அவர் பெயரை வைத்தது.

நெல்லுக்கு ஒரு ஜெயராமன் வந்தார். கொல்லைக் காய்க்கு?

முன்பு பாட்டிமார் இந்த வேலையைச் சத்தம் இல்லாமல் செய்தார்கள். நல்ல கத்தரிக்காய் ஒன்றைப் பறிக்காமல் முற்ற விடுவார்கள். பூசணி, சுரை விதையைச் சாம்பலில் புரட்டிக் காய வைப்பார்கள். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கும் சுரைக்குடுக்கைக்குள் விதை பத்திரமாக இருக்கும். புகை பட்ட இடத்தில் பூச்சி வராது. எரிவாயு அடுப்பு வந்த வீட்டில் அந்தப் புகையும் இல்லை, குடுக்கையும் இல்லை.

கோர்ட்டுப் படி ஏறிய மிளகாய்

விதை விவகாரம் வீட்டுக் கொல்லையோடு முடிவதில்லை. உலகத்தின் பெரிய கட்டடங்களில் எல்லாம் பேசப்படுகிறது.

ஐரோப்பாவில் ஒரு மிளகாய்ச் செடியே வழக்கானது! சின்ஜென்டா கம்பெனி ஒரு மிளகாய் ரகத்துக்குக் காப்புரிமை கேட்டது. காப்புரிமை என்றால், அனுமதி இல்லாமல் மற்றவர் அதை உற்பத்தி செய்து விற்க முடியாது. வழக்கமான முறையில் மகரந்தம் சேர்த்துப் பொறுக்கி எடுத்த செடிக்கு அப்படி உரிமை கொடுக்கலாமா என்ற சர்ச்சை எழுந்தது. கொடுக்கக் கூடாது என்று, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் உயர்ந்த மேல்முறையீட்டுக் குழு 2020 மே 14 அன்று கருத்துச் சொன்னது. ஆனால் 2017 ஜூலை 1-க்கு முன் வந்த மனுக்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்றும் சேர்த்துச் சொல்லி விட்டது.

இந்தியாவில் விதைக்கும் செடிக்கும் காப்புரிமை கிடையாது. அதற்குப் பதிலாக 2001-ல் பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புது ரகம் கண்டுபிடித்தவருக்கும் உரிமை உண்டு. அதே சட்டத்தின் 39-வது பிரிவில் விவசாயிக்கும் உரிமை உண்டு. தன் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக் கொள்ளலாம், விற்கவும் செய்யலாம்.

இந்த உரிமை ஒரு முறை பரீட்சைக்கு வந்தது. 2019-ல், தன் சிப்ஸ் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் சிலர் மீது பெப்சிகோ கம்பெனி வழக்குப் போட்டது. நான்கு பேரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது! நாடு முழுவதும் கண்டனம் கிளம்பியது. 39-வது பிரிவு எல்லோர் வாயிலும் அடிபட்டது. கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது. 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவே ரத்தானது. 2024 ஜனவரியில் டில்லி ஹைகோர்ட்டு, ரத்து உத்தரவைத் தள்ளி வைத்துக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

விதை விற்பனைக்கு இருந்து வந்தது 1966-ம் வருஷத்துச் சட்டம். அதை மாற்ற 2004-ல் ஒரு மசோதா வந்தது. எதிர்ப்புக் கிளம்பி, நிறைவேறாமல் போயிற்று. 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் மறுபடியும் ஒரு வரைவை வெளியிட்டு, டிசம்பர் 11 வரை பொது மக்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. விற்பனைக்கு வரும் ரகங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றது அந்த வரைவு. விவசாயி சொந்த விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் தடை இல்லை என்றும் சொன்னது.

தடை இல்லை என்பது சரி. சேமிக்க வீட்டில் விதை இருக்க வேண்டுமே! ஒட்டு ரகத்தை வைத்துக் கொண்டு உரிமையைப் பேசுவது, பூட்டு இல்லாத வீட்டுக்குச் சாவி வைத்திருப்பது போல.

எந்த விதை வாங்குவது?

வழி இருக்கிறது. ஒட்டு அல்லாத குடமிளகாய் ரகங்களும் உண்டு. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது வெளியிட்ட அர்கா மோகினி, அர்கா கவுரவ், அர்கா பசந்த் ஆகியவை அப்படிப்பட்டவை. அமெரிக்காவிலிருந்து வந்த 'கலிபோர்னியா வொண்டர்' என்ற பழைய ரகமும் அந்த வகைதான். இவற்றின் விதையை எடுத்து வைத்தால், மறு வருஷமும் அதே காய் வரும். முதல் ஒரு தடவை வாங்கினால் போதும்.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். 'எப்-1' அல்லது 'ஹைபிரிட்' என்று இருந்தால் அது ஒட்டு. சோதனை செய்த தேதியும், முளைப்புச் சதவீதமும் அச்சாகி இருக்க வேண்டும். சான்று பெற்ற மிளகாய் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு நூற்றுக்கு 60. பத்தில் நான்கு முளைக்காவிட்டால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது.

சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதை, மருந்து பூசிய விதை. குழந்தைகள் கையில் அகப்படக் கூடாது.

ஐப்பசியில் திண்ணை, மாசியில் காய்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது மற்றக் காய்களுக்கு. குடமிளகாய்க்கு ஆடிப் பட்டம் ஆகாது. வெயில் சுட்டால் பூ உதிர்ந்து விடும். பகலில் 32 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குச் சங்கடம். தை, மாசி மாதக் குளுமையில் அது பூத்துக் காய்க்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், ஐப்பசி நடுவில் விதைக்க வேண்டும்.

ஐப்பசி என்றால் அடைமழை ஆயிற்றே? அதனால்தான் திண்ணையிலேயே நாற்று விட வேண்டும். கண் திறந்த கொட்டாங்கச்சி போதும். களிமண் மட்டும் ஆகாது. நனைந்தால் சேறு, காய்ந்தால் கல். மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்து, ஒரு கை கருகிய உமியும் சேர்க்க வேண்டும். ரைஸ்மில் இருக்கும் ஊரில் உமிக்குப் பஞ்சம் இல்லை.

கால் அங்குல ஆழத்தில் விதையைப் போட்டு, தண்ணீரைத் தெளிக்க வேண்டும். ஊற்றக் கூடாது. எட்டு முதல் பன்னிரண்டு நாளில் முளைக்கும். ஈரம் மிஞ்சினால் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும். மழைக் காலத்தில் நாற்று போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நாற்பது நாளில் நாலைந்து இலையோடு நாற்று தயார். கார்த்திகைக் கடைசியில், மாலை நேரத்தில், ஓர் அடி அகலத் தொட்டியில் ஒரு செடி வீதம் நட வேண்டும். தரையில் நட்டால் பாத்தியை உயர்த்திக் கொள்ள வேண்டும். தண்ணீர் ஒரு நாள் தேங்கினாலும் வேர் போய் விடும்.

முத்துப்பேட்டைப் பக்கமாகப் போகப் போக, பல இடங்களில் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீர் விட்டால் இலை ஓரம் கருகும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தோ, குளத்துத் தண்ணீரைக் கொண்டு வந்தோ ஊற்றுவது நல்லது. நான்கு செடிக்கு இரண்டு குடம் போதும்.

இலை சுருண்டால் பேனோ சிலந்தியோ வந்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்பக்கம் படும்படி சாயங்காலம் தெளிக்கலாம். காய் கனத்துக் கிளை முறியும். ஒரு குச்சி ஊன்றிக் கட்டி விட வேண்டும்.

மாசி பிறக்கும்போது பச்சைக் காய் கைக்கு வரும். பங்குனி வெயில் ஏறியதும் பூ கொட்டத் தொடங்கும். அதற்குப் பிறகு அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

வியாபாரத்துக்கு இந்த மண்ணில் குடமிளகாய் சரிப்படாது. அதை ஓசூர்க்காரர்களிடம் விட்டு விடலாம். வீட்டுக்கு என்றால் நான்கு செடி.

பக்கத்து வீட்டு மிளகாய்

விதைக்காக ஒரு காயைக் குறித்துக் கொள்ள வேண்டும். செடிகளில் நல்ல செடி, அதில் முதலில் வந்த நல்ல காய். அதில் ஒரு நூல் கட்டி விட்டால், அடுப்படிக்குப் போகாமல் தப்பிக்கும்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. குடமிளகாயும் காரமான சம்பா மிளகாயும் ஒரே இனம். மிளகாய்ப் பூ பெரும்பாலும் தானே கருவுறும். ஆனாலும் தேனீயும் எறும்பும் சும்மா இருப்பதில்லை. பக்கத்து வேலி மிளகாயின் மகரந்தத்தை இங்கே கொண்டு வந்து சேர்த்து விடும். இந்த வருஷக் காயில் வித்தியாசம் தெரியாது. அதன் விதையைப் போட்டு மறு வருஷம் காய்த்தால் தெரியும்! கலப்பில் காரமே ஜெயிக்கும். குழந்தைக்கு ஆசையாகச் செய்து கொடுத்தது கண்ணீரில் முடியும்.

இதற்கு மருந்து ஒரு துண்டு மெல்லிய துணி. பூ மலர்வதற்கு முன்பே மொட்டோடு கிளையைத் துணிப் பைக்குள் விட்டுக் கட்டி, தினமும் லேசாகத் தட்டி விட வேண்டும். காய் பிடித்ததும் பையை எடுத்து விடலாம். பழைய வேட்டித் துணியே போதும்.

காய் முழுக்கச் சிவந்து, தோல் சுருங்கத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். விதையை எடுத்து, வெயிலில் சுட வைக்காமல் நிழலில் பத்து நாள் உலர்த்த வேண்டும். வளைத்தால் வளையாமல் ஒடிந்தால் காய்ந்து விட்டது. இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில், வறுத்து ஆற வைத்த அரிசி ஒரு பிடி போட்டு, அதன் மேல் விதைப் பொட்டலத்தை வைக்கலாம். அரிசி ஈரத்தை இழுத்துக் கொள்ளும். கடற்காற்று வீசும் ஊரில் விதைக்கு முதல் எதிரி ஈரம்தான். பெயரும் ஆண்டும் எழுதி ஒட்டி வைத்தால் இரண்டு வருஷம் வரை கவலை இல்லை.

தமிழக சர்க்கார் 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில், வீட்டுத் தோட்டத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் ஒரு தொகுப்பாகக் கொடுக்கப்பட்டன. குடமிளகாய் அதில் இல்லை. ஆனால் நூல் கட்டி ஒரு காயை விட்டு வைப்பது, நிழலில் உலர்த்துவது, புட்டியில் அடைப்பது என்ற கை வேலை கத்தரிக்கும் வெண்டைக்கும் ஏறக்குறைய அதுவேதான்.

நன்றாக விளைந்த ஒரு குடமிளகாயில் நூறு விதைக்கு மேல் இருக்கும். நான்கு செடி வைக்கும் வீட்டுக்கு எட்டு விதை தாராளம். மீதியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம், ஆதிரங்கத்துக் கணக்கில் இரண்டுக்கு நான்காகத் திருப்பிக் கேட்கவும் செய்யலாம். சட்டம் குறுக்கே வராது. பதிவு பெற்ற ரகத்தின் விதையைப் பொட்டலம் கட்டி, கம்பெனி மாதிரி முத்திரை அச்சடித்து விற்கத்தான் கூடாது.